மாநில அரசால் பயோடெக் தொழிலை வளர்க்க முடியுமா? தமிழ்நாட்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயோடெக் மாணவர்களுக்குப் பல வருடம் பாடம் எடுத்தேன், அப்புறம் ஒரு இன்குபேட்டரில் புதுக் கம்பெனிகளுக்கு உதவியாக இருந்தேன். அந்த நாட்களில் பெற்றோர், மாணவர், பேராசிரியர், பயோடெக் பார்க் வரப்போகிற ஊர்க்காரர் என்று எல்லாரும் மாற்றி மாற்றிக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

பயோடெக் தொழில்னா மருந்துக் கம்பெனிதானே? வேற என்ன இருக்கு?

மருந்து அதில் பெரிய பகுதி, ஆனால் எல்லா மருந்தும் பயோடெக் ஆகாது. பாரசிட்டமால் மாத்திரை ரசாயன வினைகளால் உருவாவது. இன்சுலினும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் வேறு ரகம்: பாக்டீரியா, ஈஸ்ட் போன்ற உயிருள்ள செல்லுக்கு ஒரு மரபணுவைக் கொடுத்து, அதையே நமக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்க வைக்கிறோம். துணி துவைக்கும் பவுடரில் கறை நீக்கும் என்சைம், ரத்தப் பரிசோதனைக் கிட், திசு வளர்ப்பு வாழைக்கன்று, கடல்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்ற கெட்டியாக்கும் பொருள் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

அரசு ஆவணங்களில் இப்போது 'லைஃப் சயின்ஸ்' என்ற சொல்தான் அதிகம். அதில் பயோடெக்கோடு சாதாரண மருந்து, மருத்துவக் கருவி, மருந்து ஆராய்ச்சி எல்லாம் அடங்கிவிடும். இத்தனை கோடி முதலீடு என்று செய்தி படிக்கும்போது அதில் எது எது சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். மாத்திரைக்கு அட்டை அடிக்கும் ஆலையும் புதுத் தடுப்பூசி ஆராய்ச்சியும் ஒரே தலைப்பின்கீழ் வந்துவிடுகின்றன.

எல்லா அனுமதியும் டெல்லி கையில்தானே இருக்கு? மாநில அரசு இதுல என்ன செய்ய முடியும்?

பாதி உண்மை. புது மருந்துக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அனுமதி தருவது மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. மரபணு மாற்ற வேலைகளுக்கு, 1986 சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள்படி, நிறுவன அளவில் ஒரு குழு, அதற்கு மேல் டெல்லியில் குழுக்கள் என்று படிப்படியாகப் போகணும். ஆராய்ச்சி நிதியிலும் பெரும்பங்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையுடையது.

ஆனால் நிலம், மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், மாசுக்கட்டுப்பாட்டு வாரிய ஒப்புதல், கல்லூரிப் பாடத்திட்டம், அரசு மருத்துவமனைகள், அந்த மருத்துவமனைகளுக்கான கொள்முதல் எல்லாம் மாநிலத்தின் கையில்தான் இருக்கின்றன. ஒரு கம்பெனி ஐந்தாவது வருடம் உயிரோடு இருக்குமா என்பதைப் பெரும்பாலும் இவைதான் தீர்மானிக்கின்றன. இதில் கொள்முதல் பற்றி யாருமே பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம், கீழே அதற்கு வருகிறேன்.

தமிழ்நாட்டுல இதுவரைக்கும் உருப்படியா என்ன செஞ்சிருக்காங்க?

நிறைய பேர் நினைப்பதைவிட அதிகம். சென்னை கிண்டியில் கிங் நிறுவனம் 1899-இலிருந்து இருக்கிறது, குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இலிருந்து, கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசிக் கூடம் 1948-இலிருந்து. அதாவது தடுப்பூசியும் சீரமும் தயாரிக்கும் பழக்கம் நம் ஊருக்கு நூறு வருடத்துக்கு மேல் பழசு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980-களிலேயே பயோடெக் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது, நாட்டில் முதலில் தொடங்கிய சில இடங்களில் அதுவும் ஒன்று.

தொழில் என்று பார்த்தால், மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ மூலமாகச் சென்னை தரமணியில் டைசெல் பயோ பார்க் 2004 வாக்கில் வந்தது, அப்புறம் கோவையிலும் ஒன்று. சிறுசேரியில் பெண் தொழில்முனைவோருக்கென்றே ஒரு பயோடெக் பார்க் இருக்கிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை, மாநில அரசு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மூன்றும் சேர்ந்து செய்தது. ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்காவுக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது, அந்தத் திட்டத்தில் தேர்வான நான்கு மாநிலங்களில் நாமும் ஒன்று. 2022-இல் லைஃப் சயின்ஸுக்கென்று தனிக் கொள்கையே வெளியானது. ஆக, நம்மிடம் கொள்கைக்கும் கட்டடத்துக்கும் பஞ்சமில்லை.

ஐ.டி.க்கு டைடல் பார்க் கட்டின உடனே கம்பெனிகள் வந்துச்சு. பயோடெக்குக்கு மட்டும் ஏன் அந்த மாதிரி வரல?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். டைடல் பார்க் 2000-இல் திறந்தபோது ஒரு மென்பொருள் கம்பெனிக்குத் தேவைப்பட்டது மேசை, கணினி, இணைய இணைப்பு, தடையில்லா மின்சாரம். ஆள் வந்த மாதமே வேலை தொடங்கும், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஏற்கெனவே இருப்பார், மாதக் கடைசியில் பில் போகும். பயோடெக்கில் வாடகைக்கு இடம் பிடித்த நாளுக்கும் முதல் பில் போடும் நாளுக்கும் நடுவே ஏழெட்டு வருடம் ஓடிவிடலாம், புது மருந்தாக இருந்தால் அதற்கும் மேலே. அத்தனை வருடமும் சம்பளம், கரண்ட் பில், வாடகை மூன்றும் நிற்காது.

ஒரு சின்ன சம்பவம் சொல்கிறேன். நான் இருந்த இடத்தில் ஒரு குழு, உறைந்த குப்பியிலிருந்து செல்களை எடுத்து 37 டிகிரி தண்ணீரில் கரைத்து, சின்னக் குடுவை, பெரிய குடுவை என்று மூன்று வாரம் பெருக்கி, கடைசியில் செல் வளர்க்கும் பெரிய கலமான பயோரியாக்டருக்கு மாற்றியிருந்தார்கள். ஒன்பதாம் நாள் ராத்திரி மின்சாரம் போனது. ஜெனரேட்டர் சில வினாடியில் எடுத்துக்கொண்டது, விளக்கு எரிந்தது, ஏ.சி. ஓடியது, காவலாளிக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் ரியாக்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டி அணைந்து மறுபடி எழுந்தபோது கலக்கியைத் தானாக ஓட்டவில்லை. கலக்கி நின்றால் திரவத்தில் ஆக்சிஜன் இறங்கிவிடும். காலையில் வந்து மூடியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் செல்கள் செத்து அடியில் படிந்திருந்தன. அந்தப் பெட்டிக்கென்று தனியாக ஒரு யு.பி.எஸ். இருந்திருந்தால் போதும். கட்டடம் கட்டியவர்கள் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தார்கள், ஆனால் உள்ளே என்ன ஓடும் என்று தெரிந்த ஒருத்தரை யாரும் வரைபடத்தின் பக்கத்தில் உட்காரவைக்கவில்லை.

இதனால்தான் அலுவலகக் கட்டடத்தை லேபாக மாற்றும் யோசனையைக் கேட்டாலே எனக்குப் பகீர் என்கிறது. லேபுக்குத் தளம் தாங்கும் எடை வேறு, காற்று மாற்றும் குழாய்க்குக் கூரை உயரம் வேறு, வடிகாலை நகராட்சிச் சாக்கடையில் நேராகக் கலக்க முடியாது. பார்க் பாதி காலியாகக் கிடக்கும்போது ஐ.டி. கம்பெனிக்கே வாடகைக்கு விடலாமே என்ற ஆசையும் வரும். விட்டால் அந்த மாடி மறுபடி லேபாகத் திரும்பி வராது.

ஹைதராபாத் மட்டும் எப்படி இவ்வளவு முந்திப் போச்சு? நாமளும் அதே நேரத்துலதானே ஆரம்பிச்சோம்?

ஹைதராபாத் பக்கத்துப் பயோடெக் வளாகமான ஜீனோம் வேலி 1999-இல் அறிவிக்கப்பட்டது, நம்முடைய முயற்சியும் ஏறக்குறைய அதே காலம்தான். ஆனால் அவர்களின் கதை அதற்கு நாற்பது வருடம் முன்பே தொடங்கிவிட்டது. 1960-களில் மத்திய அரசு ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்து நிறுவனத்தைத் தொடங்கியபோது, செயற்கை மருந்து ஆலை ஹைதராபாத்துக்குப் போனது, அறுவைச் சிகிச்சைக் கருவி ஆலை சென்னை நந்தம்பாக்கத்துக்கு வந்தது. ஹைதராபாத் ஆலையில் வேலை கற்றவர்கள் வெளியே வந்து சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார்கள். டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தை 1984-இல் தொடங்கிய அஞ்சி ரெட்டி அங்கே வேலை பார்த்தவர். பக்கத்திலேயே சி.சி.எம்.பி. (செல், மூலக்கூறு உயிரியல்), ஐ.ஐ.சி.டி. (வேதித் தொழில்நுட்பம்) மாதிரி தேசிய ஆய்வகங்கள். 1997-இல் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே மறுசேர்க்கை (செல்லுக்குள் மரபணுவைப் புகுத்திச் செய்யும்) ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைச் செய்து காட்டி, இறக்குமதி ஊசியின் விலையில் ஒரு சிறு பங்குக்கு விற்றது.

மாநில அரசு ஜீனோம் வேலி என்று பெயர் வைத்தபோது ஆள், அனுபவம், கம்பெனி மூன்றும் அங்கே இருந்தன. அதற்கு மேல் அரசு செய்த நல்ல காரியம், ஆட்சி மாறியபோதும் மாநிலமே 2014-இல் பிரிந்தபோதும் அந்தத் திட்டத்தைக் கைவிடாமல் தொடர்ந்தது. பாரத் பயோடெக்கை அங்கே தொடங்கிய கிருஷ்ணா எல்லா நம் திருத்தணிப் பக்கத்துக்காரர். இதைச் சொன்னால் நம் ஊர்க்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒரு விஞ்ஞானி, தன் வேலைக்கு வேண்டிய ஆட்கள் எங்கே கிடைப்பார்களோ அங்கே போனார்.

என் பொண்ணு பி.டெக். பயோடெக் முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, ஐ.டி. கம்பெனிக்குத்தான் போகணுமா?

இந்தக் கேள்விக்கு நான் பொய்யான ஆறுதல் சொல்வதில்லை. 2000-களில் பயோடெக் என்ற பெயருக்கு இருந்த மவுசில் கல்லூரிகள் வரிசையாகப் பாடப்பிரிவு தொடங்கின, கம்பெனிகள் அந்த வேகத்தில் வளரவில்லை. நான்கு வருடம் படித்தும் நுண்ணுயிர் வளர்க்கும் ஒரு ஃபெர்மென்டரைத் தானே திறந்து கழுவி, கிருமி நீக்கி, மறுபடி பூட்டிய அனுபவம் பலருக்குக் கிடையாது. கம்பெனிக்கு வேண்டியது அந்தக் கைதான். அதோடு, செய்ததைச் செய்த நேரத்திலேயே பதிவேட்டில் எழுதும் பழக்கம். ஜி.எம்.பி. என்கிற உற்பத்தி ஒழுங்குமுறையில் எழுதாத வேலை செய்யாத வேலைக்குச் சமம்.

அமெரிக்காவில் வட கரோலைனா மாநிலம் இதைச் சரியாகப் பிடித்தது. 1984-இலேயே மாநில நிதியில் ஒரு பயோடெக் மையம் தொடங்கினார்கள், உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரிகளில் ஆலை வேலைக்கென்றே குறுகிய காலப் பயிற்சி வைத்தார்கள். புகையிலை, ஜவுளி ஆலைகள் மூடிய ஊர்க்காரர்களுக்கும் அதில் வழி இருந்தது. நம் பாலிடெக்னிக்குகளில் இதைச் செய்யப் பெரிய செலவில்லை: நான்கு ஊரில் ஓடுகிற நிலையில் ஒரு சின்ன உற்பத்திக் கூடம், அதில் ஆறு மாதப் பயிற்சி. உங்கள் மகளுக்கு இன்றைக்கு நான் சொல்வது: தரக்கட்டுப்பாடு, உற்பத்தி ஆவணம், மருந்து அனுமதி ஆவணம் இந்த மூன்று பக்கமும் தேடச் சொல்லுங்கள். ஆராய்ச்சி வேலையைவிட அங்கே இடம் அதிகம்.

எங்க காலேஜ்ல ஒரு கண்டுபிடிப்பு இருக்கு. ஆரம்பப் பணம் எங்க கேட்கறது?

பயோடெக் கம்பெனிகளுக்கு உதவும் மத்திய அரசின் பைராக் நிறுவனம் 2012-இலிருந்து இருக்கிறது. அதன் 'பிக்' மானியத்தில் 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், யோசனை வேலை செய்கிறதா என்று காட்டுவதற்கு. மாநிலத்தில் புதுக் கம்பெனிகளுக்கான அரசு அமைப்பு ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் என்ற ஆரம்ப நிதித் திட்டம் இருக்கிறது, தொகை சின்னது என்றாலும் முதல் அடிக்கு உதவும்.

காப்புரிமை விண்ணப்பம் போடும் முன் கருத்தரங்கில் பேசிவிடாதீர்கள். நம் காட்டுச் செடியையோ மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரையோ வைத்துச் செய்த கண்டுபிடிப்பு என்றால், காப்புரிமைக்கு முன்பே தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளையும் பார்த்துவிடுங்கள். அதன் அலுவலகம் தரமணி டைசெல் கட்டடத்திலேயே இருக்கிறது.

மானியம் வாங்கினவங்க நிறைய பேரு இருக்காங்க. ஆனா பொருள் கடைக்கு வந்த மாதிரி தெரியலையே, ஏன்?

முதல் 50 லட்சம் கிடைக்கிறது. அடுத்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் தரத்தில் சில தொகுதிகள் (பேட்ச்) தயாரிக்கணும். அதற்குக் கிளீன் ரூம் என்கிற தூசி, கிருமி புகாத அறை, சரிபார்த்த கருவிகள், தணிக்கை தாங்கும் பதிவேடுகள் வேண்டும். சொந்தமாகக் கட்டினால் பல கோடி, வங்கி கொடுக்காது, அடமானம் வைக்க எதுவும் இல்லை. பொதுவான உற்பத்திக் கூடம் ஒன்றை அரசு கட்டி மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டால் பத்துக் கம்பெனி பிழைக்கும். அதைக் கட்டுவதைவிட அதை ஓட்டத் தெரிந்த இருபது பேருக்கு வருடாவருடம் சம்பளம் கொடுப்பதுதான் கஷ்டம். கட்டடத்துக்கு நிதி ஒதுக்குவது போல ஆளுக்கும் சர்வீஸ் ஒப்பந்தத்துக்கும் ஒதுக்கணும், அங்கேதான் கோப்பு நின்றுபோகிறது.

இப்போது கொள்முதலுக்கு வருகிறேன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பும் அதன் முறையைப் பார்த்துப் பல மாநிலங்கள் பின்பற்றின. மாநிலம் முழுக்க நோயாளிகளைக் கையில் வைத்திருக்கும் இவ்வளவு பெரிய வாங்குபவர் நம் வீட்டிலேயே இருக்கிறார். ஆனால் பொதுவாக மருந்து டெண்டர் என்றாலே இத்தனை ஆண்டுச் சந்தை அனுபவம், இவ்வளவு விற்றுமுதல் என்று நிபந்தனை இருக்கும். மலிவும் தரமும் உறுதியாக வேண்டும் என்பதற்காக வைத்த நிபந்தனை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்று வயதுக் கம்பெனி எப்படி உள்ளே நுழையும்? டெங்கு கிட், புண்ணுக்கான கட்டு மாதிரி ஆபத்து குறைந்த பொருள்களில், உரிய லைசன்ஸும் தரச் சோதனையும் முடித்த உள்ளூர்ப் பொருளுக்கு ஒரு சின்னப் பங்கை ஒதுக்கி, சில அரசு மருத்துவக் கல்லூரிகளில் முதலில் பயன்படுத்திப் பார்க்கலாம். 'இத்தனை வாங்குகிறோம்' என்று அரசு எழுதிக் கொடுக்கும் ஒரு கடிதத்தைக் காட்டினால் முதலீட்டாளர் தானாக வருவார். இதற்கு ஒரு ஏக்கர் நிலம்கூடத் தேவையில்லை.

செங்கல்பட்டுல பெரிய தடுப்பூசி ஆலை கட்டினாங்களே, அது என்ன ஆச்சு?

அது மத்திய அரசின் ஆலை. ஹெச்.எல்.எல். பயோடெக் என்ற பொதுத்துறை நிறுவனத்துக்காக செங்கல்பட்டு திருமணியில் 100 ஏக்கரில், 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2012-இல் ஒப்புதல் ஆனது. செலவு ஏறியது, வேலை இழுத்தது, நிதி பற்றாமல் நின்றது. 2021-இல் கொரோனாவுக்கு ஊசி தட்டுப்பாடு இருந்த நேரத்தில் முதல்வர் நேரில் போய்ப் பார்த்து, மாநிலத்துக்குக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மத்திய அரசு தனியாரிடம் விருப்பம் கேட்டும் அப்போது யாரும் முன்வரவில்லை.

இதோடு குன்னூரையும் சேர்த்துப் பார்க்கணும். 2008-இல் ஜி.எம்.பி. தரத்தில் இல்லை என்று குன்னூர், கிண்டி, இமாச்சலப் பிரதேசத்தின் கசௌலி மூன்று பொதுத்துறைக் கூடங்களின் உற்பத்தி உரிமம் நிறுத்தப்பட்டது, 2010-இல்தான் திரும்பக் கொடுத்தார்கள். நூறு வருட அனுபவம் இருந்த இடம் அது. வருடாவருடம் கருவியையும் கட்டடத்தையும் புதுப்பிக்கப் பணம் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட வலிக்கிற உதாரணம் இல்லை.

பெரிய வெளிநாட்டுக் கம்பெனிக்கு நிலமும் பணமும் கொடுத்துக் கூட்டிட்டு வந்துட்டா வேலை முடிஞ்சுதே?

அமெரிக்காவின் புளோரிடா அப்படித்தான் யோசித்தது. 2003-இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தைக் கிளை தொடங்க வைக்க மாநிலம் 310 மில்லியன் டாலர் கொடுத்தது, மாவட்டம் தனியாக நிலமும் கட்டடமும் கொடுத்தது. நல்ல ஆராய்ச்சி வந்தது, சுற்றிலும் எதிர்பார்த்த அளவுக்குக் கம்பெனிகள் வரவில்லை. அதே வழியில் ஆர்லாண்டோவுக்கு அழைத்து வந்த இன்னொரு ஆய்வு நிறுவனம், சொன்ன வேலைவாய்ப்பை எட்டாமலே கிளம்பிவிட்டது, கட்டடம் பல்கலைக்கழகத்துக்குப் போனது.

மாசசூசெட்ஸ் 2008-இல் பத்து வருடத்துக்கு ஒரு பில்லியன் டாலர் என்று சட்டமே போட்டது. பல்கலைக்கழகக் கருவிகள், மாணவர் பயிற்சி ஊதியம், சின்னக் கம்பெனிக்குக் கடன், வரிச்சலுகை என்று பிரித்துக் கொடுத்தார்கள். அங்கே ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இருந்தது பெரிய அனுகூலம்தான். ஆனால் பத்து வருடம் பணம் வரும் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்ததும் அதே அளவு முக்கியம் என்பேன்.

எங்க ஊர்ப் பக்கத்துல பார்க் வருதாம். தண்ணி கெட்டுடாதா? கிருமி வெளிய வந்துட்டா?

பயப்படுவதில் தப்பே இல்லை, ஆனால் எதற்குப் பயப்படணும் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பயோடெக் கூடங்களில் ஓடுவது ஆபத்தில்லாத ஈஸ்டும் பாக்டீரியாவும், வெளியே விடும் முன் சூட்டிலோ ரசாயனத்திலோ கொன்றுவிட வேண்டும் என்பது விதி. எனக்கு அதிகக் கவலை மருந்துக் கழிவுநீர்தான். 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் பல மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து விட்ட நீரிலேயே சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததைக் காட்டியது. அப்படிப்பட்ட தண்ணீரில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும்.

ஊர்க் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியது: உள்ளே மூலமருந்து (மாத்திரைக்குள் வேலை செய்யும் ரசாயனம்) உற்பத்தி உண்டா, ஆராய்ச்சி மட்டுமா? கழிவுநீர் எங்கே போகும்? வெளியேறும் நீரின் சோதனை முடிவுகளை மாதாமாதம் ஊராட்சியில் ஒட்டுவீர்களா? கடைசிக் கேள்விக்குச் சரி என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மரபணு மாற்றப் பயிரும் இதுல வருமா?

தொழில்நுட்பம் ஒன்றுதான், அரசியல் வேறு. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பங்கெடுத்த, பூச்சியைத் தாங்க மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டது. வயல் சோதனைக்கு மாநிலத்தின் ஒப்புதலும் வேண்டும். நுண்ணுயிர் உரம், திசு வளர்ப்பு இரண்டுக்கும் இந்தச் சிக்கல் கிடையாது.

எல்லாம் சென்னையைச் சுத்தியே இருக்கே, தென் மாவட்டத்துக்கு ஒண்ணும் இல்லையா?

இருக்கிறது, ஆனால் சென்னையின் நகலாக இருக்கக் கூடாது. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம், பாம்பன் பக்கம் சுய உதவிக் குழுப் பெண்கள் மூங்கில் மிதவையில் கயிறு கட்டிக் கடல்பாசி வளர்க்கிறார்கள். சுமார் 45 நாளில் அறுவடை, காயவைத்து விற்கிறார்கள். அதிலிருந்து எடுக்கும் கராஜீனன் ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை போகிறது, லாபமும் அந்தக் கட்டத்தில்தான். மண்டபத்தில் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வலமாவூரில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். 2013-14 வாக்கில் கடல் சூடாகி ஏராளமான பாசி அழிந்துபோனது, அதற்கப்புறம் நல்ல நாற்றுப் பாசிக்கே தவித்தார்கள். வெயில் தாங்கும் நாற்றைத் திசு வளர்ப்பில் தயாரித்து வருடம் முழுக்கக் கொடுக்கும் ஒரு கூடம் அங்கே ஓடினால், அது அந்த மண்ணுக்கேற்ற பயோடெக்.

மாநாட்டுல ஆயிரக்கணக்கான கோடிக்கு ஒப்பந்தம்னு படிக்கிறோம். நடக்குதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஒப்பந்தம் என்பது விருப்பக் கடிதம், அந்தத் தொகையை வைத்து எதையும் எடை போடாதீர்கள். நான் பார்ப்பது வேறு சில விஷயங்கள். அந்தக் கம்பெனிக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க ஒப்புதல் கிடைத்ததா? கட்டுவதற்கான ஒப்புதலோடு நின்றுவிடுபவை நிறைய. உற்பத்தி லைசன்ஸ் வாங்கினார்களா? பொதுக் கருவிகள் இருக்கும் பார்க் என்றால், கருவிக்கான முன்பதிவுப் பதிவேட்டைக் காட்டச் சொல்வேன். போன மாதம் யார் யார் எத்தனை மணி நேரம் பயன்படுத்தினார்கள், எத்தனை நாள் ரிப்பேரில் கிடந்தது என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். மானியத்தில் ஓடும் இடம் என்றால் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் இதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.